மூச்சு விடாத யானை

கணபதி என்ற பகுதியில், லேத் பட்டறைகளின் இரைச்சலுக்கு நடுவே ஒரு சின்னக் கடை இருந்தது. 'கயல் டி.டி.பி. சென்டர்' என்று பலகை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கடை திறப்பு நோட்டீஸ் எல்லாவற்றையும் அங்கே கம்ப்யூட்டரில் கம்போஸ் செய்து தருவார்கள். பகலெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் கல்யாண வேலை பார்த்தது. இரவானால் யானை தேடியது.

நம்ப முடியவில்லை, இல்லையா? ஆறாம் வகுப்பு 'பி' பிரிவிலும் யாரும் நம்பவில்லை.

"நெசமாத்தான்!" என்றாள் கயல்விழி. கடைப் பலகையில் இருப்பது அவள் பெயர்தான். கடைக்காரர் கதிரேசன் அவளுடைய அப்பா. "யானைங்க நம்ம காதுக்குக் கேக்காத மாதிரி அடித்தொண்டையில பேசிக்குமாம் புவனா அக்கா தொண்டாமுத்தூர்ல ஒரு தோட்டத்துல பொட்டி வெச்சு ராத்திரி பூரா அதைப் பதிவு பண்றாங்க அந்தச் சத்தத்தை ஃபிளாப்பியில போட்டு எங்க கடைக்குக் கொண்டுட்டு வருவாங்க கடையப் பூட்டும்போது அதைக் கம்ப்யூட்டர்ல போட்டுட்டுப் போனா காலையில யானை பேசுச்சா இல்லையான்னு அதுவே சொல்லிப்போடும்!"

இத்தனையையும் அவள் ஒரே மூச்சில் சொன்னாள். கயல்விழி எப்போதும் அப்படித்தான். அவள் பேச்சில் முற்றுப்புள்ளி கிடையாது. கமாகூடக் கிடையாது. "மூச்சு உட்டுப் பேசு அம்மணி" என்று அவளுடைய அம்மா சொல்லாத நாளே இல்லை.

புவனா அக்கா ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஓர் இரவின் சத்தத்தை அலசி முடிக்க அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குப் பல மணி நேரம் பிடிக்கும். கல்லூரியில் அவருக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்கும் எப்போதும் வரிசை.

கல்யாண வீட்டில் சின்ன வெங்காயம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒரே ஆள் உரித்தால் கல்யாணமே முடிந்துபோகும். ஆளுக்கு ஒரு முறம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஊர்க்கதை பேசிக்கொண்டே முடித்துவிடலாம். புவனா அக்கா சத்தத்தையும் அப்படித்தான் பங்கு போட்டார். டி.டி.பி. கடை, லேத் பட்டறை ஆபீஸ், டியூஷன் சென்டர், கருமத்தம்பட்டியில் ஒரு நூல் கடை என்று, இரவில் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிற இடமாகத் தேடித் தேடிக் கேட்டார். கூலி கிடையாது. "யானைக்குத்தானே, செஞ்சு தரோமுங்க" என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

இன்டர்நெட் என்பதெல்லாம் கணபதிக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதனால் சனிக்கிழமைதோறும் புவனா அக்காவே டிபன் பாக்ஸ் நிறைய ஃபிளாப்பிகளை அடுக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்துவிடுவார்.

யானைகள் மலையிலிருந்து எந்த நேரத்தில், எந்தப் பக்கமாக இறங்குகின்றன என்று தெரிந்தால் போதும். வனத்துறைக்காரர்கள் அங்கே காத்திருந்து, வெளிச்சம் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்காகத் தோட்டத்தின் இரண்டு பக்கமும் இரண்டு பெட்டிகள் வைத்திருந்தார். ஒன்று போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, இருக்கிற பக்கம். இன்னொன்று பள்ளத்துப் பக்கம்; பள்ளம் என்றால் மழைக்காலத்தில் தண்ணீர் ஓடுகிற ஓடை.

ஒருநாள் காலை கயல்விழி கடையைத் திறந்த அப்பாவோடு உள்ளே போய்த் திரையைப் பார்த்தாள். போர்ப் பக்கத்துப் பெட்டியின் ஃபிளாப்பி அது. யானை, யானை, யானை என்று திரை முழுக்க ஓடியிருந்தது. எண்ணிப் பார்த்தால் நாற்பது!

அன்று பள்ளிக்கூடத்தில் அவள் கால் தரையில் படவில்லை. பட்டறைக்காரர் மகன் தீபக்கின் முகம்தான் தொங்கிப்போனது. அவர்கள் கம்ப்யூட்டருக்கு அதுவரை கிடைத்தது இரண்டே யானை.

புவனா அக்காவுக்கும் தாங்க முடியாத சந்தோஷம். அதைத் தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேராக வனத்துறைக்காரர்களிடம் போனார். "ராத்திரி பூரா போர்ப் பக்கமாத்தான் வருதுங்க" என்று சொன்னார். அவர்களும் நம்பினார்கள்.

அடுத்த வாரம் வந்தபோது அக்காவின் முகத்தில் சிரிப்பே இல்லை. டிபன் பாக்ஸும் இல்லை.

"என்னாச்சுங் புவனா?" என்று கேட்டார் அப்பா.

"போர்ப் பக்கம் காவலுக்கு நின்னாங்கண்ணா. ஒரு யானைகூட வரல. எல்லாம் பள்ளத்துப் பக்கமா இறங்கிருச்சு. வாழையைத் தின்னுட்டு, காவலுக்கு இருக்கிறவங்க தங்கற சாளைக் கூரையையும் பிச்சுருச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா..." அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். "தோட்டக்காரர் தம்பிதுரை அண்ணன், அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பெட்டியைக் கழட்டிட்டுப் போயிருங்கன்னு சொல்லிட்டார்."

"அந்தச் சாளையில யாருங்க்கா இருக்காங்க?" என்று கயல்விழி மெல்லக் கேட்டாள்.

"மாசாணம்னு ஒருத்தர் குடும்பம். உன் வயசுல ஒரு பொண்ணு இருக்கா. பேரு பாவாத்தாள்."

அன்றைக்குக் கயல்விழிக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பது யானை என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தது அவள்தானே? அந்த நாற்பதை நம்பித்தானே எல்லோரும் போர்ப் பக்கம் நின்றார்கள்? ஒரு பெண் படுத்திருந்த வீட்டின் கூரை போயிருக்கிறது.

"அப்பா, நாளைக்கு நானும் அக்காவும் தொண்டாமுத்தூர் போயிட்டு வரோமுங்க" என்றாள். மகள் இத்தனை சுருக்கமாகப் பேசியதைக் கேட்டே அப்பா பயந்துபோய்ச் சரி என்று தலையாட்டிவிட்டார்.

*

சாளைக் கூரையில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதற்கு மேலே புதுத் தென்னங்கீற்று கட்டிக்கொண்டிருந்தார் மாசாணம்.

"இந்த வழியாத்தான் தும்பிக்கைய உட்டுச்சு" என்று காட்டினாள் பாவாத்தாள். ஒல்லியான பெண். இரட்டைச் சடை. "எங்க களிச் சட்டியத் தூக்கி மோந்து பாத்துச்சு. புடிக்கல போல. அப்படியே கீழ வெச்சுட்டுப் போயிருச்சு."

கயல்விழிக்குச் சிரிப்பு வந்தது. பாவாத்தாளும் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "ஆனா இப்பல்லாம் கண்ண மூடுனாவே பயமா இருக்குது. எங்கம்மாகிட்டச் சொல்லிப்போடாத. அவங்களும் பயப்படுவாங்க."

"எங்க கம்ப்யூட்டர்தான் தப்பாச் சொல்லிருச்சு" என்றாள் கயல்விழி. "அதை நம்பிப்போட்டு நாந்தான் எல்லார்த்துகிட்டயும்..."

"அதுக்கென்ன பண்றது? நீ வேணும்னா சொன்னே?" பாவாத்தாள் ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள். "இந்தா, குடி."

கயல்விழி டம்ளரை வாங்கித் தரையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது தூரத்தில் 'டுப் டுப் டுப் டுப்' என்று ஒரு சத்தம் எழுந்தது. டம்ளர்த் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை வந்தது.

"அய்யோ, யானையா?"

"அட, இல்ல!" பாவாத்தாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "திரீபேஸ் கரண்ட் வந்துருச்சு. போர்த் தண்ணிய எடுக்கற கம்ப்ரசர் ஓடுது. இந்த வாரம் கரண்ட் பகல்ல வர்ற முறை. ராத்திரி முறைன்னா விடிய விடிய ஓடும். அது ஓடுனாத்தான் எனக்குத் தூக்கமே வரும், தாலாட்டு மாதிரி."

கயல்விழி டம்ளரையே பார்த்தாள். கனமான சத்தம். தரையையே அதிர வைக்கிற சத்தம். இரவு முழுக்க. அதுவும் போர்ப் பக்கத்தில்!

"அக்கா!" என்று கத்திக்கொண்டு வரப்பில் ஓடினாள். "அந்த நாப்பதும் யானை இல்லீங்க்கா! கம்ப்ரசருங்க்கா!"

*

திரும்பி வரும்போது பஸ்ஸில் புவனா அக்கா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"சரியாத்தான் சொல்றே கயல். எனக்கும் இப்பத்தான் உறைக்குது. ஆனா கம்ப்ரசர் சத்தமும் யானைச் சத்தமும் ஒரே அளவு கனம். ரெண்டையும் எப்படிப் பிரிக்கிறதுன்னுதான் புரியல."

"நீங்க எழுதின புரோகிராமை எங்களுக்கும் காட்டுங்க்கா. எல்லாருமாச் சேந்து பாத்தா எங்கேயாச்சும் புடிபடும்."

"புரோகிராம்தான் உங்க கிட்டயே இருக்கே?"

"அது ஓடற புரோகிராமுங்க்கா. நான் கேக்கறது நீங்க எழுதுனதை."

கயல்விழி டி.டி.பி. கடைக்காரர் மகள். அவளுக்கு வித்தியாசம் தெரியும். அச்சடித்து வந்த பத்திரிகையில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. திருத்த வேண்டுமானால் கம்போஸ் செய்த பக்கம் வேண்டும். புரோகிராமும் அப்படித்தான். ஃபிளாப்பியில் வந்தது கம்ப்யூட்டருக்கு மட்டும் புரிகிற அச்சடித்த பத்திரிகை. அதற்கு முன்னால் மனிதர்கள் படிக்கிற மாதிரி அக்கா வரிவரியாக எழுதியது ஒன்று இருக்கும். அதற்கு மூலநிரல் என்று பெயர். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வகுப்பில் 'பேசிக்' என்ற கம்ப்யூட்டர் மொழி படித்தவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம் புரியும்.

"அது மட்டும் முடியாது கயல்" என்றார் அக்கா. அவர் இப்படிப் பட்டென்று பேசி அவள் கேட்டதே இல்லை. "அத்தனை கடைக்கும் அதைக் குடுத்தா யாராவது ஒருத்தர் மாத்தி எழுதிருவாங்க. தப்புத் தப்பா யானை வரும். மொத்த ஆராய்ச்சியும் போயிரும்."

அதற்குப் பிறகு அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் அக்கா கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றியதை அவள் பார்த்துவிட்டாள்.

*

புதன்கிழமை மாலை புவனா அக்கா கடைக்கு வந்தார். தான் கொடுத்த ஃபிளாப்பிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போக வந்திருந்தார். வேலையை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தது போல இருந்தது.

அப்பா ஒரு கல்யாணப் பத்திரிகையின் புரூஃபை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். பெண் வீட்டுக்கு ஒன்று. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று. இரண்டு வீட்டாரும் தனித்தனியாகப் படித்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் அச்சுக்குப் போகும். அது அந்தக் கடையின் சட்டம்.

கயல்விழி அந்த இரண்டு தாள்களையும் பார்த்தாள். பிறகு மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த ஒரு பழைய பத்திரிகையைப் பார்த்தாள். அவளுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது.

"அக்கா, இங்க வாங்க. இதைக் கொஞ்சம் படிங்க."

புவனா அக்கா குனிந்து படித்தார். "நிகழும் மங்களகரமான... திருவளர்செல்வன், காலஞ்சென்ற செங்கோடன்..." அங்கேயே நின்றுவிட்டார். "கயல், இது மாப்பிள்ளை பேரா?"

"ஆமாங்க்கா. தாத்தா பேரும் செங்கோடன், பேரன் பேரும் செங்கோடன். காலமானது தாத்தாதான். அப்பா 'காலஞ்சென்ற'ங்கறத மாப்பிள்ளைக்குப் போட்டுட்டாரு. யார்கிட்டயும் காட்டாம அப்படியே அச்சடிச்சும் குடுத்துட்டாரு."

புவனா அக்காவுக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார்.

"சிரிங்க, சிரிங்க" என்றார் அப்பா. "மாப்பிள்ளையே நேர்ல வந்து, 'ஏனுங்க, நான் உசுரோட இருக்கறது உங்களுக்குப் புடிக்கலீங்களா'ன்னு கேட்டாருங்க! அன்னைக்கு நிலம் வெடிச்சு உள்ள போயிரலாமான்னு இருந்துச்சு."

"அப்புறம் எதுக்குண்ணா இதைச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கீங்க? ஒளிச்சு வெக்கறதில்லையா?"

"ஒளிச்சு வெச்சா மறந்துபோகுமுங்க. மறுபடியும் யாருக்கும் காட்டாம அச்சடிச்சுப்போடுவேன்."

புவனா அக்கா சிரிப்பை நிறுத்தினார்.

"கயல், அன்னைக்குப் பஸ்ல நான் சொன்னது பாதிதான் நெசம்" என்றார். "யாராவது மாத்திருவாங்கன்னு பயந்தது உண்மை. ஆனா அதைவிடப் பெரிய பயம் ஒண்ணு இருக்கு. அந்தப் புரோகிராமை நான் அவசர அவசரமா எழுதினேன். அங்க ஒட்டு, இங்க ஒட்டுன்னு அலங்கோலமா இருக்கும். படிச்சுப் பாத்தா, இவளெல்லாம் ஆராய்ச்சி பண்றாளான்னு சிரிப்பாங்க."

கயல்விழிக்கு அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பிடித்துக்கொண்டாள்.

"நாங்க சிரிக்க மாட்டோமுங்க்கா. அப்படியே சிரிச்சாலும் அப்பாவைப் பாத்துச் சிரிக்கற மாதிரிதான் சிரிப்போம். மத்தவங்க மாத்திருவாங்கன்னு பயப்படாதீங்க. ஒவ்வொரு ஃபிளாப்பியையும் ரெண்டு கடைக்குக் குடுங்க, பொண்ணு வீட்டுக்கு ஒண்ணு, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒண்ணுங்கற மாதிரி. ரெண்டு பேருக்கும் ஒரே விடை வந்தா எடுத்துக்குங்க. வேற வேற வந்தா மூணாவது கடைக்குக் குடுங்க."

அக்கா அவளையே பார்த்தார். பிறகு கைப்பைக்குள் அடியில் துழாவி, லேபிள் ஒட்டாத ஒரு ஃபிளாப்பியை எடுத்தார். எத்தனையோ நாளாக அது அங்கேயே கிடந்திருக்க வேண்டும்.

"பிரிண்ட் எடுங்கண்ணா" என்றார்.

*

பிரிண்டர் கிறீச் கிறீச்சென்று தாளைத் துப்பியது. ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத் தாள், பாய் போலக் கடை முழுக்க விரிந்தது. பட்டறையிலிருந்து தீபக்கும் வந்து சேர்ந்தான். எல்லோரும் தரையில் குப்புறப் படுத்துப் படித்தார்கள்.

அலங்கோலம்தான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க நேரமில்லை.

கயல்விழி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தாள். "சத்தத்த எடு கனத்த அள குறிச்சு வை கனம் இவ்வளவுக்கு மேல இருந்தா யானைன்னு போடு அடுத்த சத்தத்த எடு கனத்த அள குறிச்சு வை..."

டீ கொண்டுவந்த அம்மா வாசலிலேயே நின்றார். "கண்ணு, மூச்சு உட்டுப் படி! கேக்கற எனக்கே மூச்சு முட்டுது."

கயல்விழி படிப்பதை நிறுத்தி மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சை விட மறந்து அப்படியே எழுந்து உட்கார்ந்தாள்.

"அக்கா! யானையும் மூச்சு உடோணுமில்லீங்க?"

"என்ன கயல்?"

"யானை பேசுனா நடுவுல நிறுத்தித்தானே ஆகோணும்! கம்ப்ரசர் நிறுத்தாது. விடிய விடிய மூச்சு உடாமப் பேசற யானை எங்கயாச்சும் உண்டுங்களா? உங்க புரோகிராம் சத்தம் கனமா இருக்குதான்னு ஒரே ஒரு கேள்விதான் கேக்குது. நடுவுல நிக்குதான்னும் கேக்கச் சொல்லுங்க!"

புவனா அக்கா தாளை விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"இத்தனை நாளா கம்ப்ரசரை எப்படிக் கழிக்கிறதுன்னே மண்டையை உடைச்சுட்டு இருந்தேன்" என்றார் புவனா அக்கா. "யானை எப்ப நிறுத்தும்னு யோசிக்கவே இல்ல."

அன்று மாலையே மூன்று வரிகள் புதிதாகச் சேர்ந்தன. கயல்விழி சொல்லச் சொல்ல அக்கா தட்டினார். மறுநாள் எல்லாக் கடைக்கும் புது புரோகிராமும் அதன் மூலநிரலும் போயின. கூடவே பழைய ஃபிளாப்பிகளும், ஒவ்வொன்றும் இரண்டு கடைக்கு.

வெள்ளிக்கிழமை விடைகள் வந்தன. போர்ப் பக்கம் யானையே இல்லை. நாற்பதும் காணாமல் போயிருந்தது. பள்ளத்துப் பக்கம் விடிவதற்குச் சற்று முன்னால், கொஞ்சமாக, விட்டுவிட்டு யானைகள் பேசியிருந்தன. கருமத்தம்பட்டி நூல் கடைக் கணக்குப்பிள்ளை வேறொரு வேலையும் செய்திருந்தார். மூலநிரலைப் படித்து, தேவையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ஓர் இடத்தைச் சுருக்கிவிட்டார். வேலை பாதி நேரத்தில் முடிந்தது.

ஒரே ஒரு ஃபிளாப்பியில்தான் இடித்தது. அதில் கயல்விழிக்கு மூன்று யானை. தீபக்குக்கு இருநூறு.

கயல்விழி அவனைத் தனியாகப் பட்டறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். "இருநூறு யானை வந்தா தொண்டாமுத்தூர்ல நிக்கறதுக்கே எடம் இருக்காதுடா!"

தீபக்கின் காது சிவந்தது. "அந்தக் கனத்தோட அளவை மட்டும் கொஞ்சம் கொறைச்சுட்டேன். மூச்சு வரியையும் எடுத்துப்போட்டேன். உனக்கு மட்டும் நாப்பது வந்துச்சு. எனக்கு ரெண்டே ரெண்டு."

"என்ற நாப்பதும் கம்ப்ரசர்டா! உன்ற ரெண்டு பள்ளத்துப் பக்கம் வந்ததுதானே? அதுதான் நெச யானை. மொதல்ல கண்டுபுடிச்சதே நீதான்."

தீபக் அவளை ஏறிட்டுப் பார்த்தான். அவனுக்கு அது தோன்றவே இல்லை. சற்று நேரத்தில் கடைக்கு வந்து, தானே புவனா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். "மாத்தினதை மறைக்காமக் காட்டினேல்ல, அது போதும்" என்று அக்கா அவன் முதுகில் தட்டினார். அளவையும் மூச்சு வரியையும் பழையபடி வைத்து ஓட்டியதும் அவனுக்கும் மூன்றே வந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை தம்பிதுரை அண்ணன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பெட்டியைக் கழற்ற ஏணி தயாராக இருந்தது.

"மறுபடியும் யானை கதையுங்களா?" என்றார்.

"இந்தத் தடவை போர்ப் பக்கம் இல்லீங்க. பள்ளத்துப் பக்கம், விடியறதுக்கு முன்ன" என்றார் புவனா அக்கா. "போன தடவை சொன்னது தப்புங்க. எங்க தப்பு நடந்ததுன்னு கண்டுபுடிச்சுட்டோம். இதோ பாருங்க." அலங்கோலமான அந்த நீளத் தாளை அவர் முன்னால் விரித்தே காட்டினார்.

தம்பிதுரைக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தப்பை இப்படிப் பாய் போல விரித்துக் காட்டுகிற ஆளை அவர் பார்த்ததில்லை. "சரி அம்மணி, இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போவுது" என்றார்.

அந்த ஒரு வாரம் கயல்விழிக்கு வருஷம் போல நீண்டது.

அடுத்த சனிக்கிழமை புவனா அக்கா வந்தார். கையில் டிபன் பாக்ஸ் இருந்தது. பின்னால், ஒரு சீப்பு வாழைப்பழத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பாவாத்தாளும் வந்தாள்!

"வந்துச்சு!" என்றாள் அவள், செருப்பைக்கூடக் கழற்றாமல். "பள்ளத்துப் பக்கமாவே வந்துச்சு! பெருசா ரெண்டு, குட்டி ஒண்ணு. லைட்டப் போட்டதும் அப்படியே நின்னு பாத்துச்சு. குட்டிக்கு மட்டும் போக மனசே இல்ல. அம்மா யானை தும்பிக்கையால இழுத்துட்டுப் போயிருச்சு. வாழையில ஒரு எலை கிழியல!"

"பொட்டி?"

"மூணாவதா ஒண்ணு வெக்கலாமான்னு தம்பிதுரை ஐயாவே கேக்கறாரு!"

கயல்விழி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். திரையில் மூலநிரல் திறந்திருந்தது. அதில் மூச்சைச் சோதிக்கிற அந்த மூன்று வரிகளுக்கு மேலே, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிற, மனிதர்களுக்காக மட்டும் எழுதப்பட்ட ஒரு வரி இருந்தது. ஆங்கில எழுத்தில் இருந்த அந்தத் தமிழைப் பாவாத்தாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"கம்-ப்ர-சரைக் காட்-டிக் கொடுத்-தவர்... பாவாத்தாள்." அவள் கண் விரிந்தது. "நானா? இது எல்லாக் கடைக்கும் போகுமா?"

"எல்லாக் கடைக்கும்!"

பாவாத்தாள் அந்த வரியைத் திரையில் தொட்டுப் பார்த்தாள். பிறகு கயல்விழியின் காதில் மட்டும் சொன்னாள்: "இப்பல்லாம் நல்லாத் தூங்கறேன். கம்ப்ரசர் ஓடாட்டியும்."

கயல்விழிக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு நிறைந்துபோயிற்று. அதை யாரிடமாவது உடனே சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு ஒரே ஓட்டமாக ஓடினாள்.

"அம்மா பள்ளத்துப் பக்கமாவே யானை வந்துச்சாம் லைட்டப் போட்டதும் திரும்பிப் போயிருச்சாம் குட்டி மட்டும் போகமாட்டேன்னு அடம் புடிச்சுதாம் தம்பிதுரை ஐயா மூணாவது பொட்டி கேக்கறாராம் பாவாத்தா இப்ப நல்லாத் தூங்கறாளாம் அவ பேரு கம்ப்யூட்டர்ல..."

அம்மா கரண்டியோடு திரும்பி இடுப்பில் கை வைத்தார்.

"உன்ற பேச்சைப் பதிவு பண்ணி உங்க புரோகிராம்ல போட்டா, இது கம்ப்ரசர்னு சொல்லிப்போடும் கண்ணு!"

கயல்விழி நிறுத்தினாள். மூச்சை நன்றாக இழுத்தாள். நிதானமாக விட்டாள்.

பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.